தாம்பரத்துக்காக வெட்டிய ஜெர்மன் சுவர்கள்

1

ஒரு ஜெர்மன் மாதாகோயிலை எப்படி அறுப்பது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோபுரத்தைக் கழுத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரம்பம் மெல்லியதாக இருக்க வேண்டும். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் சூடேறி உருகிப் பல்லில் அப்பிக்கொள்ளும். இழுக்கும்போது மட்டும் அழுத்தம் கொடுத்து நிதானமாக அறுத்தால் ஏழெட்டு நிமிஷத்தில் தலை தனியாக வந்துவிடும். மிச்சம் நிற்கும் நான்கு சுவர்களையும் உடைத்துப் பிரித்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி ஒட்ட வேண்டும். உள்பக்கம் வழவழவென்று இருக்கும். கல் வேலைப்பாடு கிடையாது, செங்கல் வரி கிடையாது. சிமெண்ட் பூசி வெள்ளையடித்த நம்ம ஊர்ச் சுவர் தயார்.

என் பெயர் சாமுவேல். தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்துக்காரன். இருபத்தாறு வருஷமாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறேன். மனைவி கிரேஸ் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரே மகள் ரூத், பதினாறு வயது. எனக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, வேலை முடிந்தால் பேஸ்மெண்டில் ரயில்.

பொம்மை ரயில் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்குச் சீக்கிரம் கோபம் வரும் என்பது ஊரில் என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். இங்கே வந்து அது போய்விட்டது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் என் மகளை அடித்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவள் திரும்பி வருவாளா, வந்தால் என் முகத்தைப் பார்ப்பாளா என்று தெரியாமல் மூன்று வாரம் கிடந்தேன். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். மாதாகோயிலில் ஆரம்பித்ததற்குக் காரணம், அதைப் பற்றி எழுதுவது சுலபம்.

2

இங்கே ரயில் மாடல் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. தலைவர், பொருளாளர், கூட்டக் குறிப்பு, முத்திரை எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு மேசை நீளத்துக்கு நிலப்பரப்பு செய்ய வேண்டும். கண்காட்சி அன்று எல்லா மேசைகளையும் வரிசையாக முட்டவைத்து இணைத்தால் தண்டவாளம் ஒன்றாகிவிடும். தலைவர் வெர்னரின் பனிமலையிலிருந்து புறப்படும் வண்டி இரண்டு சுரங்கம், ஒரு திராட்சைத் தோட்டம் தாண்டி என் தாம்பரத்தில் வந்து நிற்கும்.

அதற்கு மூன்று பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். இது உண்மையான இடமா? எந்த வருடம்? ஏன் இந்த இடம்? வெர்னர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன், பிளாட்பாரத்தின் ஒரு கோடி, நடைமேம்பாலத்தின் அடி, நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட வருடம் என்று எழுதினேன். ஏன் என்ற கேள்விக்கு, "எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்" என்று எழுதினேன். அன்றைக்கு மின்சார ரயில் ஓடியது மீட்டர் கேஜ் என்ற குறுகலான தண்டவாளத்தில். சங்கத்தின் தண்டவாளம் அகலம் அதிகம். அந்த ஒரு பொய்யைச் சங்கத்துக்காக ஒப்புக்கொண்டேன்.

அடுத்து கட்டடங்கள். இங்கே கடையில், பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக் கட்டடம் செய்யும் கிட் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். மரச்சட்டம் போட்ட வீடு, தண்ணீர்ச் சக்கர ஆலை, பீர் காய்ச்சும் தொழிற்சாலை, பலசரக்குக் கிடங்கு, மணிக்கூண்டு. எல்லாவற்றுக்கும் பனி வழுக்கி விழும்படி செங்குத்துக் கூரை. மொட்டை மாடி ஒன்றுகூடக் கிடையாது. கிரில் கேட் கிடையாது, மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி கிடையாது, இன்னும் ஒரு மாடி எழுப்பலாம் என்ற ஆசையில் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பி கிடையாது. நம்ம ஊர் வீடு முடிவதே இல்லை என்பதை ஒரு ஜெர்மன் பொம்மைக் கம்பெனிக்கு எப்படிப் புரியவைப்பது?

பெட்டி மேலிருக்கும் அழகான படத்தைப் பார்த்து வாங்கி முதல் வருஷம் ஏமாந்தேன். அப்புறம் பழகிவிட்டது. படத்தைப் பார்க்கக் கூடாது. எந்தச் சுவரை எங்கே வெட்டலாம் என்றுதான் பார்க்க வேண்டும். கறிக்கடையில் நின்று ஆட்டைப் பார்க்கிற மாதிரி. பலசரக்குக் கிடங்கைக் குறுக்கே பிளந்து டிக்கெட் கவுண்டர் ஆக்கினேன். பீர் தொழிற்சாலையின் புகைபோக்கியை முறித்து எறிந்துவிட்டு, அதை ஸ்டேஷனுக்கு வெளியே ஓடும் ஜி.எஸ்.டி. ரோட்டு லாட்ஜ் ஆக்கினேன். நடைமேம்பாலம் மட்டும் இரும்புப் பாலம் என்பதால் அப்படியே பொருந்தியது. கைப்பிடியை வளைத்து, துரு நிறம் பூசி, பாதிப் படியை நசுக்கிவிட்டேன். தீர்ந்த மாத்திரை டப்பா மூடிகள் தண்ணீர்த் தொட்டிகள் ஆயின. வேண்டாத கூரைகள் ஒரு டிராயர் நிறைய இருக்கின்றன. அறுத்த மாதாகோயில் கோபுரத்தைக் கிரேஸ் எடுத்துக்கொண்டு போய் கிறிஸ்துமஸ் குடிலில் வைத்தாள். "சாமி குத்தம் உங்களுக்கு வேண்டாம்ங்க" என்றாள்.

இந்த வேலைக்குப் பயன்படுத்தும் பசை சாதாரணப் பசை இல்லை. இரண்டு ஓரத்தையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும். அதனால் ஒட்டுவதற்கு முன் வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும், நாலு தடவை, ஐந்து தடவை. ஒட்டிவிட்டால் உடைத்துத்தான் பிரிக்க முடியும். நான் நிறைய உடைத்திருக்கிறேன்.

3

அளவு வேண்டுமே. அதற்குத்தான் பாஸ்கர். கேம்ப் ரோட்டில் அச்சகம் வைத்திருக்கிறான். என்னோடு ஒன்பதாம் வகுப்பிலிருந்து படித்தவன். அவனைத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு அனுப்பி, தூண்களை எண்ணு, நடைமேம்பாலத்துக்கு எத்தனை படி பார், பழைய சுவர் ஏதாவது மிச்சமிருந்தால் செங்கல் வரிசையை எண்ணிச் சொல் என்று படுத்தினேன். செங்கல் எத்தனை என்று தெரிந்தால் சுவரின் உயரம் தெரிந்துவிடும். அதை எண்பத்தேழால் வகுத்தால் என் மேசைக்கு வந்துவிடும். ஐந்தரை அடி மனிதன் என் மேசையில் இரண்டு சென்டிமீட்டர்தான் இருப்பான்.

"மச்சான், தூணை எண்ணிக்கினு நிக்கிறேன், போலீஸ்காரர் வந்து இன்னா பண்றேன்னு கேக்கறார்டா" என்று போனில் கத்தினான். "இன்னான்னு சொல்ல? ஜெர்மனில ஒருத்தன் வூட்டுக்குள்ள ஸ்டேஷன் கட்டுறான்னா?"

"சொல்லேன்."

"சொன்னேன். உன்னியயும் என்னியயும் சேத்து உள்ள வெக்கப் போறாரு. பேஜார் புடிச்சவன்டா நீ. சரி, எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். படிக்கட்டின் அடியில் ஒரு தூண், அதற்கடுத்து ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருக்குமே என்று கேட்டேன். "அந்த பெஞ்ச் இப்போ இல்ல, எடுத்துட்டான்" என்றான் பாஸ்கர். நான் அதைச் செய்துவைத்தேன். எனக்கு அதன் உயரம், ஓரத்தில் உடைந்திருந்த இடம் எல்லாம் தெரியும். ஒரு மனிதனின் தலை அந்த ஓரத்தில் மோதியதைப் பார்த்திருக்கிறேன். செய்யும்போது அதை நினைத்தேனா என்றால், நினைக்கவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பெஞ்சை மூன்று தடவை செய்து மூன்று தடவையும் உடைத்தேன்.

4

நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளைக் கிரேஸ் வருஷாவருஷம் கொண்டாடுவாள். கேசரி கிண்டுவாள். போன மாதம் இருபத்தாறாவது கேசரி. ரூத், "அப்பா, கீழ வாங்க, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று கூப்பிட்டாள். ரூத் என்னோடு பேஸ்மெண்டுக்கு வந்தே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து சுவருக்கு வர்ணம் அடிப்பாள். பிறகு தோழிகள், போன், ஜெர்மன். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில். அதனால் அவள் கூப்பிட்டதும் எனக்குக் கால் தரையில் படவில்லை. இங்க் தீர்ந்த பேனாவைத் தேய்த்துத் தேய்த்து எழுதுவதுபோல இருந்த எங்கள் பேச்சு சரியாகப் போகிறது என்று நினைத்தேன்.

மேசைமேல், நடைமேம்பாலத்தின் அடியில், அந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் ஆறு மனிதர்கள். கடையில் 'பீர்க்கடைச் சண்டை' என்று ஒரு பெட்டி கிடைக்கும், அதை வாங்கியிருக்கிறாள். ஒருத்தன் கீழே கிடக்கிறான், ஐந்து பேர் மேலே. ஒருத்தன் காலைத் தூக்கியிருக்கிறான். தோல் நிறத்தை மாற்றி, இரண்டு பேருக்கு லுங்கி வரைந்து, கீழே கிடக்கிறவனுக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாள். பூதக்கண்ணாடி வைத்துத்தான் செய்திருக்க வேண்டும். ஒரு வாரமாவது ஆகியிருக்கும்.

"நம்ம ஊர் படத்துல எல்லாம் ரயில்வே ஸ்டேஷன்ல ஃபைட் வரும்ல?" என்று சிரித்தாள்.

என் கை எப்போது எழுந்தது என்று தெரியாது. புறங்கையால் வாயில் விழுந்தது. மோதிரம் அவள் கீழுதட்டைக் கிழித்தது. அவள் அலமாரியில் போய் மோதினாள். நான் அதோடு நிறுத்தவில்லை. முஷ்டியை மடக்கி மேசைமேல் இறக்கினேன். பிளாட்பாரக் கூரை, தூண், பெஞ்ச், மனிதர்கள், எல்லாம் நொறுங்கும்வரை இறக்கினேன். டிக்கெட் கவுண்டரைப் பிய்த்துச் சுவரில் அடித்தேன். என் கையில் பிளாஸ்டிக் துண்டு குத்தி ரத்தம் ஒழுகியது. கிரேஸ் ஓடி வந்து என்னை இடுப்பில் பிடித்து இழுத்தாள். ரூத் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கில் ரத்தம் வழிய, யாரோ ஒருத்தனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அன்று மாலையே தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். "ஏன் அடிச்சாருன்னு சொல்லட்டும். அப்புறம் வரேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

5

இந்த நாட்டில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்பது சட்டம். பள்ளிக்கூடத்தில் உதட்டைப் பார்த்தார்கள். இளைஞர் நல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இன்ன நாள், இன்ன மணி, இன்ன அறை. மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று ஒரு கட்டம். தேவையில்லை என்று டிக் அடித்தேன். அதுவும் என் திமிர்தான்.

அதிகாரி ஒரு பெண்மணி, என் வயது இருக்கும். ரூத் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். உதட்டில் தையல் இல்லை, ஆனால் கறுத்த கோடு தெரிந்தது. ஏன் அடித்தீர்கள் என்று கேட்டார். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன பதிலைச் சொன்னேன். எங்கள் ஊரில் பிள்ளைகளைக் கண்டிப்பது வழக்கம், அப்படியே வளர்ந்துவிட்டோம் என்றேன்.

"பொய்" என்றாள் ரூத், ஜெர்மனில். "அப்பா என்னை இதுக்கு முன்னால ஒரு தடவைகூட அடிச்சதில்லை. ஊர் மேல பழி போடறார்."

அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் சொன்னேன். உங்களுக்கு அதைத் தமிழில் சொல்கிறேன்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, எனக்குச் சென்னை ஜெர்மன் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல். புது ஷூ, புது சட்டை. கறுப்பு ரெக்ஸின் பையில் பாஸ்போர்ட்டும் சர்டிபிகேட்டும். வழியனுப்ப பாஸ்கரும் வந்திருந்தான். தாம்பரத்தில் இடம் பிடிப்பது எப்படி என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டி ஷெட்டிலிருந்து வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்சீப் போட வேண்டும். என்னிடம் கர்சீப் இல்லை. பையைப் போட்டேன். வண்டி இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிட்டேன். பை ஏறிய பெட்டி முன்னால் போய்விட்டது. என் எதிரில் வந்து நின்ற பெட்டியில் ஏறிப் பார்க்கிறேன், பை இல்லை. வெளியே பார்த்தால், ரூத் ஒன்றும் தெரியாமல் பொம்மைக்கு வரைந்த மாதிரியே நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் அதே மாதிரி கறுப்புப் பையோடு படிக்கட்டை நோக்கி நடக்கிறார்.

குதித்து இறங்கி சட்டையைப் பிடித்தேன். "திருடன்" என்று கத்தினேன். முதல் அறை என்னுடையது.

"யோவ், இன்னாய்யா, என் பைய்யா இது" என்றார். கோவளம் பக்கத்து மீனவர் பேச்சு. அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. பாஸ்கர் இரண்டு வைத்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வந்து ஒன்று வைத்தார். ஆபீஸ் போகிறவர்கள், காலேஜ் பையன்கள், யார் யாரோ. ஒருத்தருக்கும் அவர் யார் என்று தெரியாது, நான் யார் என்றும் தெரியாது. அவர் சாய்ந்தபோது தலை பெஞ்ச் ஓரத்தில் மோதியது. விழுந்தவரின் விலாவில் என் புது ஷூவால் உதைத்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. யாரோ அவர் பையைப் பிரித்துக் கொட்டினார்கள். வலை பின்னுகிற நைலான் நூல்கண்டுகள் உருண்டு ஓடின. வேறு எதுவும் இல்லை. "பையை மாத்திவுட்டுட்டான்டா" என்று ஒருத்தர் சொன்னார். அடி தொடர்ந்தது.

வண்டி ஊதியது. பை முன்னால் போன பெட்டியில் இருக்குமோ என்று அப்போதுதான் உறைத்தது; ஓடிப்போய் முன்பக்கம் கிடைத்த பெட்டியில் தொற்றினேன். உள்ளே ஜன்னலோரம் ஒரு பூக்காரம்மா. "தம்பி, உன்துதானா இது? ஜன்னல் வழியா எம் மடில வந்து வுழுந்துச்சு" என்று என் பையை நீட்டினார்.

வண்டியை நிறுத்தும் அபாயச் சங்கிலி தலைக்குமேல் தொங்கியது. இழுக்கவில்லை. அடுத்த ஸ்டேஷன் சில நிமிஷத்தில் வந்தது. இறங்கவில்லை. நான் பிடித்த இடத்தில் உட்கார்ந்தேன். ஷூவில் இருந்த ரத்தத்தைத் துடைக்க அந்த அம்மாவிடமே ஈரத் துணி வாங்கினேன். நேர்காணல் நன்றாகப் போனது. நான் பெற்ற விசா, வேலை, வீடு, மகள் எல்லாம் அந்த ரயிலில் ஏறி வந்தவை.

இதை ஜெர்மனில் சொல்வது கஷ்டமாக இருந்ததற்கு இலக்கணம் காரணம் இல்லை. தமிழில் இதற்கு 'தர்ம அடி' என்று பெயர். பேப்பரில்கூட அப்படித்தான் போடுவான். படித்துவிட்டு நாமும் சிரிப்போம். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போக முடியவில்லை. ஒன்றும் செய்யாத ஒரு மனிதரைப் பிடித்துக் கொடுத்தேன், எல்லோரும் சேர்ந்து அடித்தோம், நான் தொடங்கினேன், நான் போய்விட்டேன் என்றுதான் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டு அழுதேன். ஒரே ஒரு பாவத்தை இவ்வளவு வருஷம் சுமந்திருக்கிறேனே என்று என்மேல் எனக்கே இரக்கம் வந்தது. கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

6

பெற்றோருக்கான வகுப்புக்கு வாராவாரம் போக வேண்டும் என்று உத்தரவு. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ரூத் வந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. சமையலறை மேசைக்கு எதிரில் நின்றுகொண்டே கேட்டாள், தமிழில்.

"அவர் பேர் என்ன?"

"தெரியாது."

"செத்துட்டாரா?"

"தெரியாதும்மா."

"இருபத்தாறு வருஷம். தூண் எத்தனைன்னு கேக்க அங்கிளை அனுப்பினீங்க. அவர் என்ன ஆனார்னு கேக்கலையா?"

"இப்போ கேளுங்க. அதை நானும் காதால கேக்கணும்" என்றாள் ரூத். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். கிரேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இன்னா மச்சான்," என்றான் பாஸ்கர், "பில்லர் அளவு எதனா தப்பா கீதா?"

"இல்லடா. பிளாட்பாரத்துல ஒருத்தரை அடிச்சோமே, திருடன்னு. அவர் அப்புறம் என்ன ஆனார்னு உனக்குத் தெரியுமா?"

"யாரு, அந்த சைக்கிள் திருடனா?"

"சைக்கிளா?"

"கேம்ப் ரோட்ல கம்பத்துல கட்டி வெச்சு, நீ செயினால பின்னினியே. அவனா?"

"இல்ல. ஸ்டேஷன்ல."

"ஓ, பஸ்ல பொண்ண இடிச்சான்னு இட்டாந்து ஸ்டேஷன் வாசல்ல வெச்சு குமுறினோமே. அவன் அந்தப் பொண்ணோட சித்தப்பனாம்டா. அப்பால தெரிஞ்சுது." பாஸ்கர் சிரித்தான். "அவனும் இல்லியா? அப்ப ஊரப்பாக்கம் மேட்ச்ல அம்பயரா?"

"பாஸ்கர், நான் விசாவுக்குப் போன அன்னிக்கு."

"அன்னிக்கா? அன்னிக்கும் அடிச்சோமா?" நிஜமாகவே யோசித்தான். "நெனப்பு இல்ல மச்சான். எத்தினி பேரு. ஒவ்வொருத்தனையும் நெனப்பு வெச்சுக்கினா இருக்க முடியும்? நீதான எப்பவும் மொதல்ல எறங்குவே. நாங்கெல்லாம் உன் பின்னாடி வந்தவங்கதான்."

ரூத் கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த மற்றவர்கள் ஞாபகத்தில் இல்லை. மறைத்து வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. மறந்துபோயிருந்தேன். ஒருத்தர் என்றுதான் இருபத்தாறு வருஷமும் கணக்கு வைத்திருந்தேன். அந்த ஒருத்தரும் ஞாபகத்தில் தங்கியது, அந்தப் பையில் என் பாஸ்போர்ட் இருந்ததால்தானோ என்னவோ.

ரூத் வாசல் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். கிரேஸும் அப்படித்தான் நினைத்து ஒரு அடி முன்னால் வந்தாள். ரூத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பை தோளிலேயே இருந்தது.

"மொத்தம் எத்தனை பேர்?"

"தெரியலை."

"எண்ணுங்க" என்று கையை விரித்து மேசைமேல் வைத்தாள்.

சைக்கிள்காரரிலிருந்து ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வந்தது, மீசை வந்தது, கம்பத்தில் கட்டியிருந்த நைலான் கயிற்றின் நிறம் வந்தது. ரூத் ஒரு விரலை மடக்கினாள். பிறகு அந்தச் சித்தப்பா. பிறகு அம்பயர். பிறகு நீலச் சட்டைக்காரர். நாலாவது விரலை மடக்கி உள்ளங்கையோடு அழுத்திப் பிடித்தாள். நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்தக் கையில் இன்னும் ஒரு விரல்தான் மிச்சம் இருந்தது. அது போதாது என்று எனக்குத் தெரிந்தது.